முகம் வரையப் பழகுகிறேன்: உறுப்புகள் சரி, ஆனால் அப்பா வரவில்லை

கொரட்டூர்க்காரி (ஆடி முதல் ஞாயிறு, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். வயது 46. பத்தாம் வகுப்பில் செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து பாகங்களைக் குறித்ததற்குப் பிறகு, படம் வரைவதற்கென்று பென்சிலைத் தொட்டதில்லை. வரும் தை மாதம் என் அப்பாவுக்குச் சதாபிஷேகம். உடன்பிறந்தவர்கள் வெள்ளிக் குத்துவிளக்கு, பட்டு வேட்டி என்று ஆளுக்கொன்றாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அப்பாவின் முகத்தை என் கையால் வரைந்து சட்டம் போட்டுத் தருகிறேன் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்று முதல் இரண்டு மாதமாக, இரவுச் சமையலறையை ஒழித்து வைத்த பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்து பார்க்கிறேன்.

இதுவரை 11 படங்கள் வரைந்துவிட்டேன். கண்ணைத் தனியாகப் பார்த்தால் அது அப்பாவின் கண்தான். மூக்கும் அவருடைய மூக்குத்தான். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார். ஒன்பதாவது படத்தைப் பார்த்த அம்மா, உங்கள் அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார் என்று சொன்னார். காலைச் சிற்றுண்டியின்போது என் கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்துத்தான் வரைகிறேன். அந்தப் படத்தையும் என் 11 முயற்சிகளையும் இணைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன் என்பதைத் தயக்கமின்றிச் சொல்லுங்கள்.

கல்லூரி வாசல் (அதே நாள், இரவு 11.15)

பெரியமேட்டில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவன் நான். இப்போது அடையாற்றில் சிறுவர்களுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். உங்கள் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பதினொன்றிலும் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவது ஒருவகையில் நல்ல செய்தி, ஏனென்றால் ஒன்றைத் திருத்தினால் போதும்.

கண்களை மிகவும் மேலே வைத்துவிடுகிறீர்கள். மண்டையின் உச்சியிலிருந்து மோவாயின் நுனி வரை அளந்தால் கண்கள் ஏறத்தாழச் சரிபாதியில் இருக்கும். இதை முதன்முறை கேட்கும் எவரும் நம்புவதில்லை. கண்ணாடி முன்னால் நின்று ஒரு சீப்பை வைத்து அளந்து பாருங்கள். முகத்தில் பேசுவது, சிரிப்பது, முறைப்பது எல்லாம் புருவத்துக்குக் கீழே நடப்பதால், மேலே இருக்கும் வெற்றிடத்தை நம் மனம் சுருக்கி வைத்துக்கொள்கிறது. உங்கள் தந்தையாருக்கு முன்தலை வழுக்கை என்பதால் அந்த வெற்றிடம் இன்னும் பெரியது; ஆகவே இன்னும் அதிகமாகச் சுருக்கியிருக்கிறீர்கள்.

இன்னொன்று என் ஊகம். சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கைபேசித் திரையில் கண்ணை வரையும்போது இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்து வரைந்துவிட்டு, பிறகு மூக்குக்கு நகர்ந்து அதை வேறோர் அளவில் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள், இல்லையா? அப்படியானால் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனி அளவுகோலில் வந்து தாளில் இறங்குகிறது. ஒரு முகத்தை இன்னாருடையது என்று காட்டுவது உறுப்புகளைவிட அவற்றுக்கு இடையே உள்ள தூரம்தான். கண்ணின் உள்முனைக்கும் மூக்கடிக்கும் எவ்வளவு, மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் எவ்வளவு என்பதில் ஓர் அரிசி மணி அகலம் பிசகினாலும் ஆள் மாறிவிடுவார். இமை மயிரை எத்தனை அழகாக வரைந்தாலும் அந்தப் பிசகு மறையாது.

கொரட்டூர்க்காரி (திங்கள், காலை 6.20)

ஐயா, விரலால் பெரிதாக்கிப் பார்த்துத்தான் வரைந்தேன். நீங்கள் என் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்ததுபோல் இருக்கிறது. சீப்பாலும் அளந்தேன், பாதியில்தான் இருக்கிறது. பால்காரர் வரும் நேரத்தில் கண்ணாடி முன்னால் சீப்போடு நின்றதைப் பார்த்து என் மகன் கேட்ட கேள்விகளை இங்கே எழுதவில்லை.

பழைய பேனர் (திங்கள், மதியம் 2.05)

அம்மா, நான் 22 வயதிலிருந்து கட் அவுட்டும் பேனரும் வரைந்தவன். 2000-களில் பிளெக்ஸ் வந்து எங்கள் தொழிலைச் சுருட்டிக்கொண்டு போகும் வரைக்கும் அண்ணா சாலையில் சாரத்தின் மேல்தான் என் பகல் பொழுது கழிந்தது. 20 அடி அகலமுள்ள ஒரு முகத்தை வரையும்போது ஒரு கண் மட்டும் 4 அடி இருக்கும். அதன் முன்னால் நிற்பவனுக்கு அது கண்ணா, படகா என்று தெரியாது. ஆனாலும் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இன்ன நடிகர் என்று ஒரு நொடியில் சொன்னார்கள். அதற்கு எங்களிடம் இருந்த ஒரே மந்திரம் கட்டம்.

புகைப்படத்தை நகலகத்தில் கொடுத்துத் தாள் அளவுக்கு அச்சிட்டு வாங்குங்கள். அதன் மேல் ஸ்கேலால் 2 சென்டிமீட்டர் கட்டங்கள் போடுங்கள். வரையும் தாளிலும் அதே எண்ணிக்கையில் கட்டங்களை, அழிக்கும்போது தடம் தெரியாதபடி மிக மெலிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு முகம் என்பதையே மறந்துவிட்டு, ஒரு கட்டத்துக்குள் ஒரு கோடு எந்த ஓரத்தில் நுழைந்து எந்த ஓரத்தில் வெளியேறுகிறது என்பதை மட்டும் பார்த்து அடுத்த தாளில் போடுங்கள். தேதி குறித்துவிட்ட வேலைக்கு இதைவிடப் பத்திரமான வழி கிடையாது.

கல்லூரி வாசல் (திங்கள், இரவு 8.30)

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன். சாரத்தின் மேல் நின்று அத்தனை பெரிய முகத்தை வரைந்தவருக்குப் பாடம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு மாறுபாட்டைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கட்டம் படத்தைத் தரும், பார்வையைத் தராது. பேனர்க் கலைஞர்கள் கட்டத்துக்கு வருமுன் பல ஆண்டுகள் ஒரு குருவிடம் வண்ணம் கலக்கி, தூரிகை கழுவி, முகங்களைப் பார்த்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் இல்லாதவர் கட்டத்தை மட்டும் நம்பினால், கட்டம் இல்லாத நாளில் ஒரு கோடு கூடப் போட முடியாமல் நிற்பார். என் மாணவர்களிடம் இதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே நேரில் உட்காரவைத்துப் பென்சிலால் அளந்தும் பழகுங்கள். கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் முனையைத் தந்தையாரின் கண்ணோடு பொருத்தி, மோவாய் எங்கே முடிகிறதோ அங்கே கட்டைவிரல் நகத்தை வையுங்கள். கையை அப்படியே மேலே நகர்த்தினால் கண்ணிலிருந்து உச்சி வரை அதே நீளம் வருகிறதா என்பது தெரிந்துவிடும். முழங்கை சற்று மடங்கினாலும் அளவு பொய்யாகும். சாய்வுகளைப் பார்ப்பதற்குப் பென்சிலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். சுவர் எழுப்பும் கொத்தனார் தூக்குக்குண்டைப் பார்ப்பதுபோல. கண்ணின் உள்முனையிலிருந்து கீழே இறங்கும் கோடு மூக்கின் பக்கமடலைத் தொடுகிறதா, விலகுகிறதா? உதட்டின் ஓரம் அதற்கு வெளியே எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இந்தக் கேள்விகளை ஒரு வாரம் கேட்டால் உங்கள் கை தானாக மாறும்.

பழைய பேனர் (திங்கள், இரவு 9.10)

தம்பி சொல்வது நியாயம்தான். ஆனால் சதாபிஷேகத் தேதி தள்ளிப்போகாது. பரிசுப் படத்துக்குக் கட்டம், பழகுவதற்குப் பென்சில் என்று வைத்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். நாங்கள் அரை மணிக்கு ஒரு முறை சாரத்தை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்ப் பார்ப்போம். நீங்களும் படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள், அல்லது கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். மேசையில் படுக்கவைத்து வரைந்த முகம் நிமிர்த்தினால் நீண்டு தெரியும். வரைந்தவருக்குத்தான் அது கடைசியில் தெரிகிறது.

பறக்கும் ரயில் (செவ்வாய், காலை 9.50)

அக்கா, புகைப்படத்திலேயே ஒரு குறை இருக்கிறது. அதை ஒருவரும் சொல்லவில்லை. மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து குனிந்து, முகத்துக்கு மிக அருகில் கைபேசியைப் பிடித்து எடுத்திருக்கிறீர்கள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் ஆழம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். கருவி மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால் காது 42 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஆகவே காதோடு ஒப்பிடும்போது மூக்கு உள்ளதைவிட 40 விழுக்காடு பெரிதாகப் பதிகிறது. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் இந்த வேறுபாடு 6 விழுக்காடாகக் குறைந்துவிடும். நாம் ஒருவரை அறையின் மறுபக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவர்கள். எனவே அருகில் எடுத்த படத்தை எவ்வளவு துல்லியமாகப் பார்த்து வரைந்தாலும் அது அவர் போல இருக்காது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கைபேசியை அவர் கண் மட்டத்தில் பிடித்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி மறுபடியும் எடுங்கள்.

நான் தினமும் வேளச்சேரியிலிருந்து கடற்கரை வரை செல்லும் ரயிலில் எதிர் இருக்கைக்காரர்களைச் சின்ன நோட்டில் வரைகிறேன். மூன்று நிறுத்தங்களுக்குள் ஒரு முகம் என்பது என் கணக்கு. அழிப்பானைக் கொண்டு போவதில்லை. தூங்குபவர்களே எனக்கு ஆசிரியர்கள்.

கல்லூரி வாசல் (செவ்வாய், பிற்பகல் 1.00)

பயிற்சி நல்லது. ஆனால் தெரியாதவர்களை, குறிப்பாகப் பெண்களை, அவர்கள் அறியாமல் உற்றுப் பார்த்து வரைவது சரியா என்பதையும் யோசிக்க வேண்டும். உங்கள் எதிரில் இருப்பவருக்கு நீங்கள் ஓவியர் என்பது எப்படித் தெரியும்?

பறக்கும் ரயில் (செவ்வாய், இரவு 7.45)

ஒரு முறை அப்படி ஒருவர் கேட்டுவிட்டார். நோட்டைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு முதியவர்களிடம் அனுமதி கேட்டு வரைகிறேன். பெரும்பாலோர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்காருகிறார்கள். மற்றவர்களைப் பின்புறமாகவோ பக்கவாட்டிலோ, காதும் கன்னத்தின் விளிம்பும் மட்டும் தெரியும்படிதான் வரைகிறேன். காது வரைவதில் நான் தேறியதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

மாமல்லை உளி (புதன், காலை 5.30)

மாமல்லபுரத்தில் கல் வேலை செய்பவன் நான். அளவு என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் நூல்கள் முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று எடுத்துக்கொண்டு உருவம் முழுவதையும் அளக்கின்றன. நவதாள உருவத்தின் உயரம் 108 அங்குலம். அதில் முகம் 12 அங்குலம். இந்த அங்குலம் கடையில் வாங்கும் ஸ்கேலில் உள்ளது அன்று. செய்யப்போகும் உருவத்தின் உயரத்தையே பகுத்து எடுப்பது. அந்தப் பன்னிரண்டை நெற்றி, மூக்கு, மூக்கடி முதல் மோவாய் வரை என நான்கு நான்காகப் பிரிப்போம். ஓவியம் கற்பிப்பவர்கள் முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை மூன்று சமபாகம் என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதுவே.

ஆனால் இந்தக் கணக்கில் பிறக்கும் முகம் தெய்வத்தின் முகம். அதற்கு வயதும் இல்லை, ஊரும் இல்லை. உங்கள் தந்தையாரின் முகம் அந்தக் கணக்கிலிருந்து எங்கெங்கே விலகுகிறதோ, அங்கெல்லாம்தான் அவர் இருக்கிறார். மூன்று பாகங்களை முதலில் மெலிதாகப் போட்டுக்கொண்டு, பிறகு அவருடைய எந்தப் பாகம் நீளம், எந்தப் பாகம் குட்டை என்று கண்டுபிடியுங்கள்.

இன்னொன்று. நாங்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்போம். உருவத்தின் மற்ற எல்லா வேலையும் முடிந்த பிறகே கண் திறப்பு நடக்கும். நீங்கள் கண்ணில் தொடங்குகிறீர்கள். தொடங்கிய பின் அந்தக் கண்ணை இழக்க மனம் வராமல், தவறான இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தாலும் அதைச் சுற்றியே முகத்தைக் கட்டுகிறீர்கள். கண்ணிருக்கும் இடத்தில் ஒரு நிழல் குழியை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை முடித்துப் பாருங்கள். அப்போதே அவர் யார் என்று தெரிய வேண்டும்.

நங்கநல்லூர் பல்வைத்தியர் (புதன், இரவு 10.20)

ஓவியம் எனக்குப் பொழுதுபோக்கு மட்டுமே, ஆனால் முகத்தின் கீழ்ப்பாதி என் தொழில் என்பதால் ஒரு கேள்வி. அம்மா, உங்கள் தந்தையாருக்குப் பல் செட் உண்டா? 4, 7, 10 ஆகிய எண்ணிட்ட படங்களில் மூக்குக்கும் மோவாய்க்கும் உள்ள தூரம் ஒருவகையாகவும், மற்றவற்றில் வேறுவகையாகவும் இருக்கிறது.

மூன்று சமபாகக் கணக்கு பல் உள்ளவர்களுக்கு. பற்கள் போனபின் அவற்றைத் தாங்கிய தாடை எலும்பு மெல்லக் கரைந்து தாழ்கிறது. வாயை மூடும்போது கீழ்த்தாடை முன்னைவிட மேலே ஏறி வருவதால், மோவாய் மூக்கை நெருங்குகிறது. உதடுகள் உள்ளே மடிந்து அவற்றின் சிவந்த பகுதி மெலிகிறது. உதட்டோரத்தில் இருந்து கீழ்நோக்கி ஒரு மடிப்பு விழுகிறது. பல் செட்டை மாட்டியதும் இவை எல்லாம் ஓரளவு பழைய இடத்துக்குத் திரும்பும். ஆக, ஒரே மனிதருக்குக் காலையில் ஒரு முகம், இரவில் ஒரு முகம்.

வயதின் வேறு சில அடையாளங்களையும் கவனியுங்கள். மூக்கு நுனி சற்றுத் தொங்கும், காது மடல் நீளும், மேலிமை தளர்ந்து இமைக்கோட்டை மூடும். கருவிழியைச் சுற்றி வெளுத்த வளையம் பல முதியவர்களுக்கு உண்டு. ஆகவே கருவிழியின் விளிம்பை இளைஞர்களுக்குப் போடுவதுபோல் கறுத்த வட்டமாகப் போட்டால் அந்தக் கண் வேறொருவருடையதாகிவிடும்.

கொரட்டூர்க்காரி (வியாழன், காலை 6.05)

மருத்துவர் ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். புகைப்படம் காலைச் சிற்றுண்டியின்போது எடுத்தது. அப்போது பல் செட் இருந்தது. வாயும் மோவாயும் புகைப்படத்தில் தெளிவாக இல்லை என்று சில நாள் இரவில் அப்பாவை நேரில் பார்த்துத் திருத்தினேன். இரவு எட்டு மணிக்கெல்லாம் அவர் அதைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிடுவார். நான் மேல்பாதியில் காலை அப்பாவையும் கீழ்பாதியில் இரவு அப்பாவையும் ஒட்டவைத்திருக்கிறேன். அம்மா சொன்ன அண்ணன் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

எந்த முகத்தை வரைவது என்று அப்பாவிடமே கேட்டேன். சதாபிஷேகத்தன்று மாட்டியிருப்பேன், அதையே வரை என்றார்.

கொரட்டூர்க்காரி (ஆவணி இரண்டாம் ஞாயிறு, பிற்பகல் 3.30)

மூன்று வாரப் பழக்கத்துக்குப் பிறகு வருகிறேன். புதிய புகைப்படத்தை இரண்டு மீட்டரில் எடுத்து, அச்சிட்டு, கட்டம் போட்டேன். ஞாயிறுகளில் அப்பாவை இருபது இருபது நிமிடம் உட்காரவைத்து அளந்தும் பழகுகிறேன். நாற்காலியின் கால்கள் இருக்க வேண்டிய இடத்தைத் தரையில் சாக்பீசால் குறித்து வைத்திருக்கிறேன். கோடுகள் மட்டும் உள்ள நிலையில் பார்த்த அம்மா, இது அவர்தான் என்று ஒப்புக்கொண்டார். நிழல் போடத் தொடங்கியதும் மறுபடியும் கெட்டுப்போயிற்று. அப்பா நல்ல கறுப்பு. நான் பார்த்துப் பழகும் காணொளிகளில் எல்லாம் வெளுத்த முகங்கள். தாளின் வெண்மையே தோலாக இருக்க, ஓரங்களில் கொஞ்சம் நிழல் தடவி முடித்துவிடுகிறார்கள். அதே முறையில் அப்பாவுக்குச் செய்தால் முகத்தில் கரி பூசியதுபோல் இருக்கிறது. சுருக்கங்களைக் கோடாகப் போட்டால் கீறல்போல் தெரிகின்றன. மூக்குக்கண்ணாடியும் நெற்றி விபூதியும் தனியே ஒட்டியதுபோல் நிற்கின்றன.

கல்லூரி வாசல் (அதே நாள், இரவு 10.00)

இதைக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நம் ஊரில் முகம் வரையப் பழகுபவர்கள் இடறி விழும் இடம் இது. இதைப் பற்றி நம் மொழியில் யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

கறுத்த தோலை வெண்தாளில் இருந்து தொடங்கி நிழல் கூட்டிக்கொண்டே போய் அடைய முயலாதீர்கள். முகம் முழுவதற்கும், கண்ணின் வெள்ளை உட்பட, 2பி பென்சிலைப் (பி-க்கு முன்னால் உள்ள எண் கூடக்கூடக் கறுப்பு கூடும்) படுக்கவைத்து ஒரே சீரான நடுத்தரச் சாம்பலை முதலில் பரப்பிவிடுங்கள். அதுதான் உங்கள் தந்தையாரின் தோல். அதற்குப் பிறகு இரண்டு திசையில் வேலை செய்ய வேண்டும்: 4பி, 6பி கொண்டு கண் குழி, மூக்கடி, மோவாயின் கீழ்ப்புறம் ஆகியவற்றை ஆழமாக்குங்கள், பிசைந்து உருட்டும் வகை அழிப்பானைக் கூராக்கி, நெற்றி மேடு, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு ஆகிய இடங்களில் ஒற்றி ஒளியை எடுங்கள். வெளுத்த தோலில் ஒளி பரவலாகத் தெரியும். கறுத்த தோலில் அது சிறிய இடத்தில் திரண்டு, நல்லெண்ணெய் தடவிய வெண்கலம்போல் மின்னும். அந்த மின்னலை அஞ்சாமல் விட்டால்தான் கறுப்பு உயிரோடு இருக்கும். அதை விடாமல் எங்கும் கறுப்பை நிரப்புவதால்தான் கரி பூசியதுபோல் ஆகிறது. 2021-இல் நம்மை விட்டுப் பிரிந்த ஓவியர் இளையராஜா வரைந்த பெண்களைப் பாருங்கள். சன்னல் வெளிச்சம் விழும் கன்னத்துக்கும் விழாத கன்னத்துக்கும் இடையே எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதே ஒரு நாள் பாடம்.

வெளிச்சத்தை மாற்றுங்கள். சாப்பாட்டறைக் குழல்விளக்கு முகத்தில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவி, மேடு பள்ளத்தைத் தட்டையாக்கிவிடும். காலை ஏழரை மணிக்குச் சன்னலோரம், ஒரு பக்கம் மட்டும் ஒளி விழும்படி உட்காரவையுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் விவரங்கள் மங்கி, ஒளியும் இருளும் இரண்டு பெரிய திட்டுகளாகத் தெரியும். முதலில் அந்தத் திட்டுகளைப் போடுங்கள்.

சுருக்கம் கோடு அன்று. அது ஒரு சிறு பள்ளம். ஒரு கரை இருண்டும் மறு கரை ஒளியோடும் இருக்கும். கறுத்த கரையைப் போட்டு, அதன் அருகிலேயே அழிப்பானால் ஒரு மெல்லிய ஒளியை ஒற்றினால் பள்ளம் வந்துவிடும். அவரிடம் உள்ள சுருக்கங்களில் பாதிக்கு மேல் விட்டுவிடுங்கள். பல்லைப் பற்றியும் இதே சொல்: ஒவ்வொன்றாகப் பிரித்துக் கோடு போட்டால் சோளக்கதிர் ஆகிவிடும். விரலால் தேய்க்காதீர்கள், சென்னை வியர்வையும் விரல் எண்ணெயும் சேர்ந்து தாளில் பிசுக்காகப் படிந்துவிடும். உள்ளங்கைக்குக் கீழே ஒரு வேண்டாத தாளை வைத்துக்கொள்ளுங்கள்.

விபூதியை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். அது உங்களுக்குக் கிடைத்த வரம். மூன்று பட்டைகளும் நெற்றியின் வளைவைத் தொட்டுக்கொண்டு போகின்றன. நேராக ஸ்கேல் வைத்ததுபோல் போட்டால் நெற்றி பலகையாகும். நடுவில் சற்று மேலேறி, இரு ஓரத்து நெற்றிப்பொட்டை நெருங்க நெருங்கத் தாழ்ந்து நெருங்கும்படி போட்டால் மண்டையின் உருண்டை தானாகத் தெரியும். ஒளி படாத பக்கத்தில் விபூதியும் சாம்பலாக வேண்டும். எங்கும் ஒரே வெள்ளையாக விட்டதால்தான் தனியே நிற்கிறது.

நங்கநல்லூர் பல்வைத்தியர் (திங்கள், காலை 7.10)

மூக்குக்கண்ணாடியைப் பற்றி ஒரு வரி. அவருடையது கண்ணைப் பெரிதாகக் காட்டும் வகைக் கண்ணாடி என்று படத்தில் தெரிகிறது. ஆகவே கண்ணாடிக்குள் தெரியும் கண்ணை, பெரிதாகத் தெரியும்படியே வரைய வேண்டும். மனத்தில் திருத்திச் சிறிதாக்காதீர்கள். கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்கு இதற்கு நேர்மாறாகக் கண் சிறுக்கும். கண்ணாடிக்குள் தெரியும் கன்னத்தின் விளிம்பும் உள்ளே ஒதுங்கித் தெரியும்.

பறக்கும் ரயில் (திங்கள், காலை 10.15)

ஒரு சந்தேகம். பாரதியாரை எந்தப் பள்ளிச் சுவரில் எவர் வரைந்தாலும், அளவுகள் எத்தனை தப்பினாலும், அடையாளம் தெரிந்துவிடுகிறதே. அப்படியென்றால் தூரங்கள்தான் எல்லாம் என்பது முழு உண்மையா?

பழைய பேனர் (திங்கள், பிற்பகல் 4.40)

தம்பி, முண்டாசையும் மீசையையும் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் பார். பெரும்பாலான சுவர்களில் அங்கே ஒருவரும் இருக்கமாட்டார். காந்திக்கு வட்டக் கண்ணாடி, பெரியாருக்குத் தாடி. ஊர் முழுக்கப் பார்த்துப் பழகிய அடையாளங்கள் ஓவியனுக்குப் பாதி வேலையைச் செய்துகொடுத்துவிடும். எங்கள் தொழிலில் அதை நம்பித்தான் தேர்தல் நேரத்தில் ஓர் இரவுக்குள் மூன்று பேனர் முடித்தோம். தங்கச்சியின் அப்பாவுக்கு அப்படி ஓர் அடையாளம் ஊருக்குத் தெரியாது. அவரைத் தெரிந்த நாற்பது பேர்தான் பார்க்கப்போகிறார்கள். அவர்களை ஏமாற்ற முடியாது.

மாமல்லை உளி (செவ்வாய், காலை 5.45)

நிழல் பழக எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. எல்லோரும் செப்புத் திருமேனிகளை நோக்கித்தான் போவார்கள், ஆனால் உலோகத்தின் பளபளப்பு தொடக்கத்தில் இருப்பவரின் கண்ணை ஏய்க்கும். கல் சிற்பங்களின் முன்னால் உட்காருங்கள். கல்லில் ஒளியும் நிழலும் மட்டும்தான் இருக்கும், அசையவும் அசையாது.

கொரட்டூர்க்காரி (மார்கழி மூன்றாம் ஞாயிறு, இரவு 8.15)

படம் முடிந்தது, இணைத்திருக்கிறேன். எண்ணிக்கையில் இது 34-ஆவது. கோட்டுக்குக் கட்டத்தையும், நிழலுக்குச் சன்னலோர அப்பாவையும் வைத்துக்கொண்டேன். கண்களை, உளிக்காரர் ஐயா சொன்னபடி, கடைசி இரண்டு நாளில்தான் திறந்தேன். அதுவரை இரண்டு வாரம் குழி விழுந்த முகம் ஒன்று சாப்பாட்டறைச் சுவரில் சாய்ந்திருந்தது. வேலைக்கு வரும் அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் பெருக்கிவிட்டுப் போனார். இடது காது இன்னும் கொஞ்சம் உயரமாக இருப்பது எனக்கே தெரிகிறது. அதைத் திருத்தினால் தாள் கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

ரகசியமாக வைத்திருக்க முடியாது என்பதால் அப்பாவிடம் இன்று மாலையே காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, காதில் மெஷின் எங்கே என்று கேட்டார். காது கேட்கும் கருவியைப் போட்டால் அவருக்கு வருத்தமாக இருக்குமோ என்று நானாகவே விட்டிருந்தேன். அது இல்லாமல் அன்றைக்கு மந்திரம் எனக்கு எப்படிக் கேட்கும் என்றார். ஆகவே அதைச் சேர்க்க வேண்டும். காதின் பின்னாலிருந்து உள்ளே போகும் கண்ணாடிபோல் தெளிந்த அந்த ஒல்லியான குழாயை எப்படி வரைவது? ஏற்கெனவே நிழல் போட்டு முடித்த இடம் அது.

பழைய பேனர் (அதே நாள், இரவு 9.00)

குழாயை வரையாதே, தங்கச்சி. பிசையும் ரப்பரைக் கத்தி முனைபோல் கூராக்கி, குழாய் போகும் வழியில் ஒரே இழுப்பாக ஒரு வெள்ளைக் கோட்டை எடு. அதன் கீழ் ஓரத்தில் மட்டும் நன்றாகக் கூர்சீவிய 6பி பென்சிலால் மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்பு வை. காதின் பின்னால் தெரியும் கருவியின் முனையை ஒரு சாம்பல் திட்டாக விட்டுவிடு. முதலில் வேறொரு தாளில் நாலைந்து முறை இழுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் இதில் கை வை.